பின்னாலேயே வருகிறது, வாயை மட்டும் திறப்பதில்லை: பெரிய ஸ்விம்பெய்ட் உதவி தேவை

ஆழம்தேடி:
8 அங்குல கிளைட் பெய்ட் (மீன் வடிவச் செயற்கைத் தூண்டில் இரையான ஸ்விம்பெய்டில் ஒரு வகை), நடுவில் ஒரு மூட்டு வைத்தது. மூன்று வாரமாக இதையேதான் வீசுகிறேன். தண்ணீர் நல்ல தெளிவு. போகும்போதெல்லாம் நாலைந்து பெரிய பாஸ் மீன்கள் பின்னாலேயே வருகின்றன, படகுக்கு 10 அடி வரை வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகின்றன. நிறம் மாற்றிப் பார்த்தாயிற்று. சின்ன இரைக்கே திரும்பிவிடலாமா? தோள் வேறு வலிக்கிறது.

கரையோரம்:
நிறத்தை விடுங்கள். நரம்பை இழுக்கும் ரீலை எப்படிச் சுற்றுகிறீர்கள்? எந்த நேரத்தில் போகிறீர்கள்?

ஆழம்தேடி:
ஒரே சீராக, மெதுவாகத்தான். மீன் வருவதைப் பார்த்தால் இன்னும் மெதுவாக்குவேன். இடமும் வலமுமாக வளைந்து வருவது பார்க்கவே ஆசையாக இருக்கும். காலை 10 மணிக்கு மேல்தான் போக முடிகிறது, காற்றே இருப்பதில்லை.

கரையோரம்:
உங்களுக்கு ஆசையாக இருந்து என்ன, மீனுக்கல்லவா இருக்க வேண்டும் :)

சிக்கல் அந்த ஒரே சீரில்தான் இருக்கிறது. பின்னால் வருகிற மீன் பசியோடுதான் வருகிறது என்றில்லை, பாதி நேரம் இது என்னவென்று பார்க்கத்தான் வருகிறது. நிஜமான சின்ன மீன், பின்னால் ஒரு பெரிய வாய் வருவது தெரிந்தால் மிரண்டு விலகும், உங்களுடையது ஊர்வலம் போல மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? மீன் கண்ணில் பட்டதும், அது படகைப் பார்ப்பதற்கு முன்பே, ரீல் கைப்பிடியை இரண்டு தடவை வெடுக்கென்று அரைச் சுற்றுச் சுற்றி உடனே தூண்டில் நரம்பைத் தளர விடுங்கள். தளர விடுவதுதான் முக்கியம், நரம்பு விறைப்பாக இருந்தால் பெய்ட் திரும்பாது. தளர்ந்தால் அப்படியே வளைந்து மீனின் முகத்துக்கு நேராக நிற்கும், அடி விழுந்தால் (மீன் கவ்வினால்) பெரும்பாலும் அந்த நொடியில்தான். மெதுவாக்கிக்கொண்டே போவதை நானும் ஒரு சீசன் முழுக்கச் செய்தவன்தான்.

மீன் தெரியாவிட்டாலும் பாறை, மூழ்கிய மரம், களை விளிம்பு இதையெல்லாம் கடக்கும் இடத்தில் ஒரு முறை திருப்பிவிடுங்கள். வீச்சு அந்த இடத்தைத் தாண்டி விழ வேண்டும், அவ்வளவு கனமான பெய்ட் தலைமேல் விழுந்தால் எந்த மீன் நிற்கும்.

இரட்டைமுள்:
நேரமும் ஒரு காரணம். தெளிந்த தண்ணீர், நல்ல வெயில், அலையே இல்லை என்றால் மீனுக்கு ஆராய்ந்து பார்க்க நிறைய நேரம் கிடைக்கிறது. மேகமோ, காற்றில் மேற்பரப்பு கலைவதோ, விடியலோ அந்தியோ பாருங்கள். பக்கத்தில் இன்னொரு ராடில் (தூண்டில் கோலில்) எடை கட்டாத மென்புழுவை (ரப்பர் போன்ற செயற்கைப் புழுவை) நடுவில் முள் குத்தி வைத்திருங்கள், மீன் திரும்பிய இடத்தில் உடனே போட்டால் சில சமயம் அதை எடுத்துக்கொள்ளும். அப்புறம், குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது, கோடையில் மெல்ல மூழ்கிய பெய்ட் இப்போது மிதக்கக்கூடும், படகோரத்தில் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம்தேடி:
இன்று மேகம். ஐந்து வந்தன, மூன்றாவது திருப்பத்திலேயே ஒன்று அடித்தது! தட்டியது தெரிந்ததும் பதறி இழுத்துவிட்டேன், போய்விட்டது. கடைசி மீன் கைக்கு வந்தது, படம் எடுப்பதற்குள் வழுக்கித் தண்ணீரில் குதித்துவிட்டது.

இரட்டைமுள்:
தட்டினால் இழுக்காதீர்கள், கனம் தெரியும்வரை சுற்றிக்கொண்டே இருந்து அப்புறம் ராடைப் பக்கவாட்டில் வீசி இழுங்கள்.

கரையோரம்:
படம் இல்லையென்றால் மீனும் இல்லை. மறுபடி போய் வாருங்கள்.