சென்னிமலை ரோட்டில் செயின் மாட்டிக் கொடுத்தவர்

நொய்யல்கரை:

மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பும்போது நாலாவது தடவையாகச் சைக்கிள் செயின் கழன்றது. முதல் நாள்தான் கடையில் செயினை டைட் வைத்து வாங்கியிருந்தேன். ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு கையால் செயினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சோளத்தட்டுக் கட்டோடு வந்த பெரியவர் கட்டை இறக்கி வைத்தார். பேசாமல் என் கையைப் பிடித்துச் செயினிலிருந்து எடுத்து அப்பால் வைத்தார். அப்புறம்தான் சைக்கிளைத் தொட்டார்.

"வீலைப் பாரு கண்ணு, கோணிக்கிட்டு நிக்குது. செயின் பக்கம் மட்டும் இழுத்து உட்டுருக்கறான்." டயர் ஒரு பக்கம் ஃபோர்க்கை ஒட்டியும் மறுபக்கம் விலகியும் இருந்தது. இரண்டு நட்டையும் தளர்த்தி வீலை நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு பெடலை மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் செயின் இறுகியது, அரைச் சுற்றில் தொளதொளத்தது. "இறுகற எடத்துல நிறுத்தி, அங்க அரை இஞ்சு ஆடற மாதிரி வெக்கோணும். தொளதொளன்னு இருக்கற எடத்துல இறுக்குனா, இந்தப் பக்கம் வர்றப்ப மிதிக்க முடியாது."

சொல்லிக்கொண்டே செயினை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனிக்கணு இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "ஊட்டுல பொடுசு பெடலை மிதிச்சுட்டான். இதே எடந்தான்" என்று பின்வீலின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் செயின் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த மொட்டை விரலை வைத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஊர், பேர் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தறிக்காரர் மகன், சோமனூர்:

எங்கள் வீட்டில் தறி எட்டு ஓடியது. சைக்கிள் நின்றது தறிக்கூடத்துத் தாழ்வாரத்தில். அப்பா தறிக்கு விடும் எண்ணெயையே செயினுக்கும் விடுவார், தாராளமாக. பத்தாவது பரீட்சைக்குப் போகிற காலையில் பெடல் நகரவே இல்லை. கவரைக் கழற்றினால் செயின் தெரியவில்லை! பறந்து வந்த பஞ்சு எண்ணெயில் ஊறி, கண்ணிக்குக் கண்ணி விளக்குத்திரி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அம்மா ஹேர்ப்பின்னால் ஒவ்வொரு திரியாக நோண்டி எடுத்தார். பெல் அடித்த பிறகுதான் உள்ளே போனேன். டைட் முக்கியம்தான், ஆனால் செயினைத் தின்பது எண்ணெய் விடும் முறை. வெளியே வழிகிற எண்ணெயால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கோபி வாய்க்கால்:

சோமனூர்க்காரர் சொன்னதில் பாதிதான் சரி. எண்ணெயை அளவாக விட்டால் தறி எண்ணெய் ஒன்றும் செய்யாது. நான் விட்டது தேங்காய் எண்ணெய். மார்கழி விடியலில் வாய்க்கால் மேட்டில் பால் கேனோடு போகும்போது அது உறைந்து, செம்மண்ணும் சேர்ந்து, கண்ணிகள் மடங்காமல் கட்டை மாதிரி வந்தன. பால் கொண்டு சேர்ப்பதற்குள் நேரமாகிவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டைட் வைத்து வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் செயினை அளந்து பாருங்கள். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் சரியாக அரை இஞ்சு. 24 கண்ணி எண்ணினால் புதுச் செயின் 12 இஞ்சு இருக்கும். செயின் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. உள்ளே பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்ந்து நீளுகிறது. அரை நூல் கூடியிருந்தால் மாற்றிவிடுங்கள் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). ஒரு நூல் கூடும் வரை விட்டால் பற்களும் தேய்ந்திருக்கும், அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் ஏறி மிதிக்கும்போது குதிக்கும். ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்புறம் செயின் லாக், அதாவது செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கிளிப் வைத்த கண்ணி. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், வாய் பின்னால். திருப்பிப் போட்டால் எதிலாவது இடறித் தெறித்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பத்து சுற்றுச் சுற்றி, பழைய துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். கம்பி பிரேக் வண்டி என்றால், வீலை நகர்த்திய பின் பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்றும் பாருங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பல்லடத்துப் பெண்:

இவ்வளவு சொன்ன கோபி அண்ணன் செயின் கவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடகடவென்று சத்தம் வருகிறது என்று எங்கள் அண்ணன் கவரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டான். எட்டாவது படிக்கும்போது நடுரோட்டில் பாவாடை செயினுக்குள் போய்விட்டது. பின்னால் பஸ் ஹாரன். நான் இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. மில் ஷிப்ட் முடிந்து வந்த ஓர் அக்கா, "இழுக்காத அம்மிணி, காலைத் தூக்கு" என்று பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினார். துணி தானாக வெளியே வந்தது. அந்தப் பாவாடையில் பல் பதிந்த கறுப்புப் புள்ளிகள் வரிசையாக, அளந்து வைத்தது போல இருந்தன. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அரை இஞ்சு கணக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

நொய்யல்கரை:

கோபி அண்ணா, நீங்கள் சொன்னபடி நேற்று அளந்தேன். 12 இஞ்சும் ஒரு நூலும். செயின், ஃப்ரீவீல் இரண்டும் வாங்கி வந்து வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். பையன் ஓடி வந்து பெடலைப் பிடித்தான். அவன் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு நட்டைத் தளர்த்தினேன்.