மாஞ்சோலையும் கூந்தன்குளமும்: ஆச்சி வீட்டுக் குழுவில் ஒரு மாலை

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி 7, 8 சனி ஞாயிறு என்று முடிவு செய்துவிடலாமா? முதல் நாள் மாஞ்சோலை மழைக்காடு, மறுநாள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். தங்கல் பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில்.

சித்தப்பா: தேதி சரி. ஆனால் மாஞ்சோலைக்கு நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அது. வனத்துறை அனுமதி இல்லாவிட்டால் மணிமுத்தாறு சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கார்த்தி: அனுமதிக்கு நான் அலைகிறேன் சித்தப்பா. எத்தனை வண்டி என்று மட்டும் சொல்லுங்கள்.

தருண்: அண்ணா, புலி வருமா??

கார்த்தி: புலி இருக்கிற காடுதான் தம்பி. ஆனால் நம் கண்ணில் படுவது அபூர்வம். நீ சோலைமந்தியைத் தேடு. கருப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சிப் பக்கம் வெடிப்பலா மரங்கள் உண்டு. பூ கிளையிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், மந்திக்கு அது விருந்து. மரத்தடியில் கடித்துப்போட்ட பூ கிடந்தால் சத்தம் போடாமல் மேலே பார்.

மீனா மதினி: அட்டை கடிக்குமே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சித்தப்பா: பிப்ரவரியில் அவ்வளவு இருக்காது. முழுக்கால் பேண்ட், உயரமான காலுறை போதும். ஒட்டிவிட்டால் பிடுங்கி இழுக்காதே, நகத்தால் ஓரத்தை மெல்லத் தள்ளிவிடு.

முருகேசன் மாமா: என்னிடம் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது, கொண்டுவரவா?

கார்த்தி: வேண்டாம் மாமா. காட்டில் காதுதான் முதலில் வேலை செய்யும். பாட்டுப் போட்டால் ஒரு குருவிகூட மிஞ்சாது.

முருகேசன் மாமா: சரி மாப்பிள்ளை, விட்டுவிட்டேன்.

ஆச்சி (குரல் பதிவு, தருண் தட்டச்சு செய்தது): கூந்தன்குளத்திலும் அப்படித்தான். எங்கள் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போட மாட்டார்கள். வீட்டுப் புறவாசல் மரத்திலெல்லாம் நாரை கூடு கட்டியிருக்கும். ஒரு தடவை குஞ்சு ஒன்று கீழே விழுந்துவிட்டது. பெரியம்மா அதைப் பனையோலைப் பெட்டியில் வைத்து, குளத்து மீனைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஊட்டினாள். அது வாயைத் திறந்துகொண்டு அவள் பின்னாலேயே நடக்கும். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப்போவார்கள், அதைவிட நல்ல உரம் ஏது?

மீனா மதினி: ஆச்சி, இதை இத்தனை வருசமாக எங்களிடம் சொல்லவே இல்லையே!

கார்த்தி: அந்தக் குளம் 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் பறவையைக் காப்பாற்றியது அதற்கெல்லாம் முன்னாலிருந்தே. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் பார்க்கலாம். எனக்கு ஆசை வரித்தலை வாத்து மேல்தான். தலையின் பின்பக்கம் இரண்டு கருப்புப் பட்டை. மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்து நம்மூர் வயலில் மேய்கிறது!

தருண்: இமயமலைக்கு மேலேயா???

சித்தப்பா: இன்னொன்று கேள் தருண். முதல் நாள் நாம் ஏறப்போகும் மலையில் ஊத்து, நாலுமுக்கு என்று இடங்கள் உண்டு. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் அவையும் சேர்த்தி. மலைமேல் பெய்கிற மழை மணிமுத்தாறு அணைக்கு இறங்கி, கால்வாய் வழியாகத்தான் கூந்தன்குளத்துக்கு வருகிறது. அணையில் தண்ணீர் இல்லாத வருசம் ஒரு தடவை போனேன். வெடித்த மண்ணும் நாலு கொக்கும்தான் இருந்தன. மனசு கேட்கவில்லை, ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

கார்த்தி: அப்படியானால் கிளம்பும் முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊரில் கேட்டுவிட வேண்டும். ஆச்சி, அங்கே இப்போது யாராவது சொந்தம் உண்டா?

ஆச்சி (குரல் பதிவு): பெரியம்மா பேரன் இருக்கிறான், நாளைக்கே கேட்டுச் சொல்கிறேன். மாஞ்சோலையில் கடையை நம்ப வேண்டாம், புளியோதரை கிண்டித் தூக்குவாளியில் தருகிறேன். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட எடுக்காதீர்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் வாத்து வயலில் நிற்காது. வண்டியில் எனக்கு முன் சீட்டு.