ஆளில்லாத வளவு வீட்டுக்கு 640 யூனிட்

பள்ளத்தூரிலிருந்து:

எங்கள் ஐயா கட்டிய செட்டிநாட்டு வீடு, நடுவில் வளவு என்கிற முற்றம். பதினோரு பங்கு. பங்காளிகள் எல்லோரும் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிறோம். போன மாசியில் வந்த கரண்ட் பில்லைப் பார்த்து எங்கள் வாட்ஸ்அப் குழுவே அதிர்ந்துபோனது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 640 யூனிட்! 500ஐத் தாண்டினால் கட்டணத் தட்டே வேறு என்பதால் தொகையும் எகிறிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பக்கத்து வீட்டுக்கு லைன் கொடுக்கிறாரோ என்று ஒரு பங்காளி எழுதினார். நானும் அப்போது சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நேரில் போய் ஒரு நாள் முழுக்க மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாம் கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், தரைக்கடியில் போகும் பழைய குழாய் விரிசல் விட்டிருந்தது. மேல்தொட்டி காலியாகிக்கொண்டே இருக்க, தானியங்கி மோட்டாரும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் மண்ணுக்குள் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. 640இல் பாதி அதிலேயே போயிருக்கிறது. மிச்சம் யாரும் திறக்காத பழைய ஃப்ரிட்ஜ், சும்மா நிற்கும் இன்வெர்ட்டர், விடிய விடிய எரியும் முகப்பு விளக்குகள். அண்ணன் அறையில் இருப்பது ஒரு மின்விசிறியும் ஒரு பல்பும்தான்.

சரி, ஆரம்பித்தாயிற்று, ஒரு வருடக் கணக்கையும் போட்டுவிடுவோம் என்று பழைய பில்களை எல்லாம் எடுத்தேன். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 2,900 யூனிட், அதாவது இரண்டு டன்னை ஒட்டி. சமையல் சிலிண்டர் ஆறு. ஒன்றுக்கு 14.2 கிலோ, ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆறும் சேர்ந்து கால் டன். படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் விழா) ஜெனரேட்டரில் ஊற்றிய டீசல் 60 லிட்டர், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 160 கிலோ. படைப்பில் எரித்த விறகை நான் சேர்க்கவில்லை. சீமைக்கருவேலம் வெட்ட வெட்ட முளைத்து அந்தக் கார்பனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, அதை எப்படி எழுதுவது என்று தொடங்கினால் தனிச் சண்டை.

அப்புறம்தான் பில் கட்டுக்குள் ஏசி கேஸ் ரசீதுகள் கண்ணில் பட்டன. வளவைச் சுற்றிய அறைகளில் மூன்று பழைய ஏசி, மூன்றிலும் ஆர்-22 என்கிற குளிர்வாயு. வருடா வருடம் சித்திரையில் நாங்கள் வருவதற்கு முன் 'கேஸ் ஏற்றி' வைப்பது வழக்கம். போன வருடம் மூன்றுக்குமாக இரண்டரை கிலோ. அந்த வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். ஆக நாலரை டன்! வீடு முழுக்க ஓடிய கரண்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எந்த மீட்டரிலும் வராத கணக்கு இது.

அந்த ஏசிகள் ஏன் வந்தன என்று கேட்டால் இன்னும் வெட்கக்கேடு. 2014 வரை எங்கள் வளவு வானம் பார்த்துத்தான் இருந்தது. மழை உள்ளே அடிக்கிறது, புறா அசிங்கம் செய்கிறது என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். சூடான காற்று மேலேறிப் போக இருந்த ஒரே வழியை நாங்களே அடைத்துவிட்டோம். வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்து வைத்தது அந்த ஷீட். அடுத்த கோடையிலேயே முதல் ஏசி வந்தது.

காரைக்குடியிலிருந்து:

அண்ணே, நான் அந்த வீடுகளில் ஏசி மாட்டுகிறவன். வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டியிருந்தால் அது ஒழுகுகிறது என்று அர்த்தம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. உங்கள் பக்கம் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. முகப்பு அழகு கெடக்கூடாது என்று வெளி யூனிட்டைப் பின்கட்டில் வைக்கச் சொல்வீர்கள். செப்புக் குழாய் நாற்பது அடி ஓடும், நடுவில் நாலு இடத்தில் இணைப்பு விழும், ஒழுகுவது அங்கேதான். கேஸ் குறைந்தால் குளிர்ச்சி வராது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், கரண்டும் கூடும்.

கேஸ் போடும் முன் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கூட ஆகும், கூலியும் கூட. அதனால்தான் பலர் செய்வதில்லை. நானும் ஆரம்ப காலத்தில் செய்ததில்லை. மாற்றுவதாக இருந்தால் ஆர்-32 வாயு உள்ள ஏசி பாருங்கள். அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 675 மடங்குதான், ஓசோனையும் கெடுக்காது. ஆனால் லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, பழக்கமில்லாதவர் கையில் கொடுக்காதீர்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

வளவில் ஷீட் போட்டதுதான் தப்பு, அதை எடு என்று சொல்வது சுலபம். என் ஆத்தாவுக்கு வயது 82. சித்திரையில் அந்தத் தடிமனான சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி அறைக்குள் விடும். அந்தக் காலத்தில் எல்லோரும் திண்ணையிலும் வளவிலும் படுத்தார்கள், அறையில் இருந்தது பெட்டகமும் சாமானும்தான். இப்போது அறையில் படுக்கிறோம். ஒரே ஓர் அறைக்கு நல்ல ஏசி வைத்துக்கொண்டோம், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எனக்கு வயிறெரிவது வேறு விஷயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள். பர்மா தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. அதாவது பரவாயில்லை, மரம் மரமாகவே இருக்கும். ஒரு கன அடித் தேக்குக்குள் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குக் கார்பன் அடைபட்டிருக்கிறது. உளுத்த உத்தரங்களைச் செங்கல் சூளைக்கு விறகாக அனுப்பினார்களே, அதைத்தான் பார்க்க முடியவில்லை. சுண்ணாம்புச் சாந்து காய காயக் காற்றிலிருந்து கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்தச் சுவர் போன இடத்தில் லாரி லாரியாகச் சிமெண்ட் வந்து இறங்கியது.

தேவகோட்டையிலிருந்து:

நாங்கள் சோலார் போட்டோம். 3 கிலோவாட், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். நாட்டு ஓட்டில் துளை போட முடியாது என்பதால் பின்னால் மாட்டுக் கொட்டகைத் தளத்தில் வைத்தோம். வெயில் நாளில் 12 யூனிட் வரை வருகிறது. ஆனால் பேனல் மாட்ட இரண்டு நாள். அதற்கு முன்னால் ஒன்றரை வருடம்! மின் இணைப்பு 1960களில் காலமான ஐயா பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்ற ஏழு பங்காளிகள் கையெழுத்து வேண்டும். ஒருவர் பினாங்கில், இன்னொருவர் எங்கள் யாரோடும் பேசுவதில்லை. அவரிடம் கையெழுத்து வாங்கியது ஆச்சிதான், ஒரு டப்பா சீப்புச் சீடையோடு போய்.

பள்ளத்தூரிலிருந்து மறுபடி:

குழாயை மாற்றிவிட்டோம், ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று. அடுத்த பில் 170 யூனிட். அண்ணனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மோட்டார் பற்றித் தான் இரண்டு முறை போனில் சொன்னதை நினைவுபடுத்தினார். மூன்று ஏசியில் இரண்டைக் கழற்றியாயிற்று. இருந்த கேஸைக் காற்றில் விடாமல் உருளையில் பிடித்துக்கொடுக்கும் ஆளாகத் தேடிப் பிடித்தோம்.

வளவு ஷீட்டையும் பாதி எடுத்து வலை கட்டியிருக்கிறோம். போன வாரம் மழை. தாழ்வாரத்துத் தகரத்தில் விழுந்து அண்டாவில் கொட்டும் சத்தத்தை அண்ணன் பதிவு செய்து குழுவில் போட்டார். உடனே ஒரு பங்காளி, 'வலைக்கு என் பங்கு எவ்வளவு?' என்று கேட்டிருக்கிறார். இன்னும் யாரும் பதில் போடவில்லை.