உருளும் வட்டத்தை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வரைந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லூரி ஆசிரியர்:

தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தால், அது போகும் பாதைதான் சைக்ளாய்டு. போன மாதம் அதை வரைய உட்கார்ந்தேன். ஆரம் 1. கோணத்துக்கு ஒரு ஸ்லைடர், அதாவது இழுத்தால் மதிப்பு மாறும் பட்டை. கோணம் ஏற ஏற மையம் அதே அளவு வலப்பக்கம் நகர வேண்டும், விளிம்புப் புள்ளி மையத்தைச் சுற்ற வேண்டும். புள்ளி போகும் வழியைத் திரையில் விட்டுச்செல்லும் தடத்தை ஆன் செய்து ஸ்லைடரை இழுத்தேன். வளைவு தலைகீழாக வந்தது. தரையில் இருக்க வேண்டிய கூர்முனைகள் 2 அலகு உயரத்தில் நின்றன.

வளைவை விட்டுவிட்டு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. கோணம் நேர்க்குறியில் இருந்தால் மென்பொருள் இடஞ்சுழியாகச் சுற்றும். வலப்பக்கம் ஓடும் சக்கரமோ வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். என் வட்டம் தரையில் உருளவே இல்லை, மேலே ஒரு கூரையை ஒட்டி உருண்டிருக்கிறது! கோணத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட்டதும் கூர்முனைகள் தரைக்கு வந்தன. அங்கே புள்ளி ஒரு கணம் நின்றுவிட்டு மேலேறுகிறது. வழுக்காமல் உருள்வது என்றால் தரையைத் தொடும் புள்ளிக்கு வேகம் பூஜ்யம் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பிளஸ் ஒன் ஆசிரியை:

எனக்கு வட்டத்துக்குள் வட்டம் உருட்டும்போது இதே போல ஆனது சார். வெளிவட்ட ஆரம் 4, உள்வட்டம் 1. நான்கு முனையுள்ள ஆஸ்ட்ராய்டு வர வேண்டும். சுற்றளவு நான்கு மடங்குதானே என்று எதிர்ச்சுழியில் நான்கு மடங்கு கோணம் கொடுத்தேன். ஐந்து மூலைகள் வந்தன, மூலைக்கு ஒரு குட்டிச் சுழி. கொடுக்க வேண்டியது மூன்று மடங்கு. உள்வட்டத்தின் மையமும் ஒரு சுற்று வருவதால் ஒன்று கழிகிறது. வெளியே உருட்டினால் ஒன்று கூடும். அதைக் காட்ட, பிள்ளைகளிடம் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்து, ஒன்றை அழுத்திப் பிடித்து, மற்றதை அதன் விளிம்போடு வழுக்காமல் உருட்டச் சொன்னேன். ஒரு சுற்று முடிவதற்குள் சிங்க முகம் இரண்டு தடவை நிமிர்ந்தது.

உள்வட்ட ஆரத்தையும் ஸ்லைடரில் வைத்து 2 ஆக்கிப் பாருங்கள். வளைவே இருக்காது, விட்டத்தின் மேல் ஒரு நேர்கோடு! 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியலாளர் நசீருத்தீன் தூசி கோள்களின் போக்கை விளக்கக் கையாண்ட அமைப்பு இது. ஒரு மாணவி நம்பாமல் அட்டையை வெட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள்.

கல்லூரி ஆசிரியர்:

அருமை டீச்சர். நேற்று சைக்ளாய்டின் ஒரு வளைவுக்கு நீளம் கேட்டேன். தடத்தை அளக்க வழியில்லை, சமன்பாடாகக் கொடுத்தால் அளக்கலாம். பை எங்காவது வரும் என்று பார்த்தால், திரையில் வெறும் 8. ஆரத்தைப் போல் எட்டு மடங்கு. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் 1658இல் நிறுவியது இது. வளைவின் கீழுள்ள பரப்பு வட்டத்தைப் போல் மூன்று மடங்கு. கலிலியோ இதைத் தகட்டில் வெட்டி எடை போட்டுத்தான் தேடினார். நானும் வகுப்பில் அட்டையில் வெட்டி நிறுக்கப் போகிறேன். உங்கள் மாணவி எந்த அட்டையில் வெட்டினாள்?