சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முன் மீட்ட தரவுத்தளம்

திருப்பூரிலிருந்து:

அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு சிறிய பனியன் யூனிட்டுக்குச் சம்பள மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். எல்லாம் பீஸ் ரேட் கணக்கு. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், கைமடி என்று 140 பேர். சம்பளம் சனிக்கிழமை மாலை. வியாழக்கிழமை காலை அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

"பேக்கப் தினமும் எடுக்கிறதுதானே தம்பி?" என்று முதலாளி கேட்டார். எடுத்துக்கொண்டுதான் இருந்தது. வெளி டிஸ்கில் புதன்கிழமை இரவுக் கோப்பு பத்திரமாக இருந்தது, 620 எம்பி. உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) உள்ள என் லேப்டாப்பில், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் கட்டளையைக் கொடுத்து ஏற்றினேன். முதல் வரியிலேயே பிழை. பூஜ்ய பைட் (மதிப்பு 0 உள்ள பைட்) வந்திருக்கிறது, பைனரி மோட் என்ற விருப்பம் இல்லாமல் ஏற்க முடியாது என்றது. அதைச் சேர்த்தும் அதே வரியில் நின்றது.

கோப்பின் தொடக்கத்தை ஹெக்ஸ் வடிவில், அதாவது பைட் பைட்டாக எண்களில், பார்த்தபோதுதான் விளங்கியது. ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் ஒரு பூஜ்யம். சில மாதங்களுக்கு முன் பேக்கப் கட்டளையைப் பழைய பேட்ச் கோப்பிலிருந்து விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லுக்கு மாற்றியிருந்தேன். அதன் 5.1 பதிப்பில் '>' குறி கொடுத்து வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால், அது யூடிஎஃப்-16 ஆக, அதாவது ஆங்கில எழுத்துக்கும் 2 பைட் எடுக்கும் குறியீட்டில், எழுதப்படும். அன்றைக்கே கோப்பின் அளவு இரண்டு மடங்காகியிருந்தது. ஏன் என்று நான் பார்க்கவில்லை. அது என் தவறு.

கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியை ஐகான்வ் என்ற குறியீடு மாற்றும் கருவி கொண்டு யூடிஎஃப்-8 (ஆங்கில எழுத்துக்கு 1 பைட்) ஆக்கினேன். ஏற்றியது, பிழையே இல்லை. ஆனால் தொழிலாளர் பட்டியலைத் திறந்தால் ஒரு பெயரும் படிக்கும்படி இல்லை. வரிசை வரிசையாகக் கிரேக்க ஆல்பா, அதன் பின்னால் இரட்டை மேற்கோள் குறி.

இரவு பத்தரை மணிக்கு அந்த ஆல்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் எழுத்தும், கொம்பு, புள்ளி போன்ற துணைக்குறியும் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் 224தான். விண்டோஸ் கன்சோலின் 437ஆம் குறியீட்டுப் பக்கத்தில் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) 224 என்பது ஆல்பா! அப்படியானால் எதுவும் அழியவில்லை. பவர்ஷெல் ஒவ்வொரு பைட்டையும் 437இன்படி ஓர் எழுத்தாகப் படித்து, பிறகு யூடிஎஃப்-16இல் எழுதியிருக்கிறது. வந்த வழியே திரும்பினால் போதும். ஐகான்வில் இலக்கை யூடிஎஃப்-8க்குப் பதிலாக சிபி437 என்று கொடுத்தேன். 310 எம்பியில் கோப்பு வந்தது. ஏற்றிவிட்டு வேலைப் பிரிவு அட்டவணையைத் திறந்தேன். முதல் வரியில் 'கைமடி' என்று இருந்தது. கண் கலங்கிவிட்டது.

தரவுத்தளத்துக்குள் வைத்திருந்த, சம்பளம் கணக்கிடும் ஃபங்ஷன் (நிரல் துண்டு) மட்டும் காணவில்லை. ரூட்டீன்ஸ் விருப்பம் கொடுக்காவிட்டால், பேக்கப் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளை ஃபங்ஷன்களையும் புரொசீஜர்களையும் எடுப்பதில்லை; டிரிக்கர்களை (தரவு மாறும்போது தானாக ஓடும் நிரல்களை) மட்டும் தானாக எடுத்துவிடும். என்னிடம் மூல நிரல் இருந்ததால் தப்பித்தேன். வெள்ளிக்கிழமை கணக்கு பார்க்கும் அக்கா போன வாரச் சம்பளப் பட்டியலின் அச்சுப்பிரதியை வைத்துக்கொண்டு 140 பெயர்களையும் தொகைகளையும் சத்தமாக வாசித்தார், நான் திரையில் சரிபார்த்தேன். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கவர்கள் கைமாறின.

இப்போது '>' குறி கிடையாது, மைஎஸ்கியூஎல்டம்ப்பே நேராகக் கோப்பில் எழுதும் ரிசல்ட்-ஃபைல் விருப்பம்தான். மாதம் ஒருமுறை பழைய கணினி ஒன்றில் ஏற்றிப் பார்க்கிறேன். ஏற்றும் முன் கோப்பில், எந்தத் தரவுத்தளத்தில் எழுதுவது என்று சொல்லும் 'யூஸ்' வரி இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடுகிறேன். டேட்டாபேசஸ் விருப்பத்தோடு எடுத்த கோப்பில் அந்த வரி இருக்கும். கட்டளையில் சோதனைத் தரவுத்தளத்தின் பெயரைக் கொடுத்தாலும், அதே சர்வரில் அசல் தரவுத்தளமும் இருந்தால் அதன் மேலேயே போய் எழுதிவிடும்.

ஈரோட்டிலிருந்து இன்னொருவர்:

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்காக இதையும் சொல்கிறேன். மஞ்சள் மண்டிக் கணக்கு ஒன்றை அதன் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல் கொண்டு புதிய சர்வரில் ஏற்றினேன். வரிகள் ஓடி முடிந்தன, முடிவுக் குறியீடும் 0, அதாவது வெற்றி. மறுநாள் பார்த்தால் விவசாயிகள் பட்டியலே இல்லை. ஒரு நீட்சி (கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்) நிறுவப்படாததால் அந்த அட்டவணை உருவாகவில்லை. பிழையைத் திரையில் காட்டிவிட்டு பிஎஸ்கியூஎல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அது அதன் இயல்பு. ஆன்-எரர்-ஸ்டாப் மாறிக்கு 1 கொடுத்து, சிங்கிள்-டிரான்சாக்ஷன் விருப்பத்தையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். முதல் பிழையிலேயே நின்றது, பாதி ஏறியதும் மிச்சமில்லாமல் பின்வாங்கியது. நீட்சியை நிறுவிவிட்டு ஓட்டியபோது மண்டியின் பத்து வருடக் கணக்கும் ஏறிவிட்டது.