சாக்கடை இணைப்பே இல்லாத முகாம்: ஐந்து இரவு, ஆறு பேர், ஒரு ட்ரெய்லர்

தாமிரபரணி_78:

எல்லோருக்கும் வணக்கம். அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். போன வருடம் வண்டியில் மாட்டி இழுக்கும் 22 அடி வீட்டு ட்ரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நல்ல தண்ணீர் டேங்க் 40 கேலன், கிரே டேங்க் 30, பிளாக் டேங்க் 30. (புதியவர்களுக்காக: சமையல் தொட்டித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் கிரேயில் சேரும், கழிப்பறை மட்டும் பிளாக்கில்.) ஜூன் முதல் வாரம் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மேதர் முகாமில் ஐந்து இரவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மின்சாரம், தண்ணீர், சாக்கடை என்று எந்த இணைப்பும் அங்கே கிடையாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர்.

பயத்துக்குக் காரணம் ஏப்ரலில் நடந்தது. லாஸ்ட் டச்மேன் பூங்காவில் மூன்று இரவு தங்கினோம். அங்கே மின்சாரமும் தண்ணீரும் உண்டு, சாக்கடை இணைப்பு இல்லை. அம்மா ஊர்ப் பழக்கத்தில் அரிசியை மூன்று தண்ணீரில் களைந்தார், பாத்திரத்தைக் குழாயைத் திறந்துவிட்டபடியே கழுவினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி குளிக்கப் போன அப்பா, "ஏல, இங்க கீழ இருந்துல்லா தண்ணி வருது" என்று கத்தினார். போய்ப் பார்த்தால் குளியல் தட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் இரண்டு கறிவேப்பிலை மிதக்கிறது. சாம்பார் வாசனை வேறு. கிரே டேங்க் நிரம்பினால் இருப்பதிலேயே தாழ்வான வாய் வழியாக மேலே ஏறும், அது குளியல் தட்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரிலுள்ள விளக்கோ இன்னும் மூன்றில் இரண்டு பங்குதான் என்று சாதித்துக்கொண்டிருந்தது. பத்தரை மணி இருட்டில் ஜாக்குகளை ஏற்றி, வண்டியில் மாட்டி, கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். அன்றிலிருந்து அம்மா ட்ரெய்லரை 'கக்கூஸ் வண்டி' என்றுதான் சொல்கிறார்.

என் கேள்விகள்: கழிவை வடித்து டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகும், சக்கரம் வைத்த டோட் டேங்க் ஒன்று வாங்கிவிடலாமா? நாங்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள், பிளாக் டேங்க் ஐந்து இரவு தாங்குமா? அப்புறம் நாற்றம். ஒவ்வொரு முறை கழிப்பறை மிதியை அழுத்தும்போதும் குப்பென்று அடிக்கிறது.

பாலைவன_ஓட்டுநர்:

தம்பி, 11 வருடமாக டூசானிலிருந்து ட்ரெய்லர் இழுக்கிறேன். முதலில் ஒரு நல்ல சேதி. இணைப்பே இல்லாத இடம் நீங்கள் ஏப்ரலில் போன இடத்தை விடப் பாதுகாப்பானது. அங்கே வரத்துக்கு எல்லையில்லை, போக்கு மட்டும் அடைப்பு. இங்கே உங்கள் நல்ல தண்ணீர் டேங்க்தான் மீட்டர். 40 கேலன் ஏற்றினால் 40தான் வெளியே வரும். கழிவு டேங்க் இரண்டும் சேர்ந்தால் 60 பிடிக்கும். ஆகவே கிரேயில் மட்டும் 30ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், நீங்கள் கேனில் தண்ணீர் பிடித்து வந்து மறுபடி ஊற்றும்போதுதான் கணக்கு உதைக்கும். சுவர் விளக்கை நம்பாதீர்கள், உள்ளே சென்சார் முளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஊற்றும் கேனை எண்ணுங்கள், அது பொய் சொல்லாது.

அடுத்தது குளியல். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 2 கேலன் போகும். ஐந்து நிமிடம் குளித்தால் 10. மூன்று பேர் குளித்தால் உங்கள் கிரே டேங்க் காலி, அதாவது ரொம்பி விட்டது. மேதரில் காசு கொடுத்துக் குளிக்கும் இடம் இருக்கிறது, துணி துவைக்கவும் வசதி உண்டு. அங்கே போய்க் குளியுங்கள். ட்ரெய்லருக்குள் கை கால் முகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளேதான் குளிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால், நனைத்துவிட்டு மூடு, சோப்புப் போடு, திறந்து அலசு. கப்பற்படைக் குளியல் என்பார்கள். ஒன்றரைக் கேலனில் முடிந்துவிடும்.

பிளாக் டேங்க் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவும் ஆட்களின் டேங்க்தான் உண்மையில் சுத்தமாகக் காலியாகும். காகிதம் அதிகம் போட்டுத் தண்ணீரைச் சிக்கனம் பண்ணுகிறவர்களுக்குத்தான் கழிப்பறைக்கு நேர் கீழே கோபுரம் எழும்பும், அதை உடைக்க வெந்நீரும் வேண்டும், பெரும் பொறுமையும் வேண்டும். கிளம்பும்போதே பிளாக்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் விட்டு வையுங்கள். பகலில் முகாமின் கழிப்பறைக்கே எல்லோரும் போகட்டும், அங்கே தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைதான். ராத்திரிக்கு மட்டும் ட்ரெய்லர். ஐந்து இரவு தாங்கும்.

நாற்றத்துக்குப் பெரும்பாலும் டேங்கில் ஊற்றும் மருந்து காரணமில்லை, மருந்தில்லாததும் காரணமில்லை. கூரை மின்விசிறி ஓடும்போது மிதியை அழுத்துகிறீர்கள், சரிதானே? விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும், அந்த இடத்தை நிரப்பப் பிளாக் டேங்க் காற்று மேலே ஏறும். முதலில் விசிறியை நிறுத்துங்கள், அப்புறம் மிதி.

டோட் டேங்க் வேண்டாம் என்பேன். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 28 கேலன் டோட் நிறைந்தால் 233 பவுண்டு, நூறு கிலோவுக்கு மேல். கையால் இழுக்க முடியாது, வண்டிக் கொக்கியில் மாட்டி ஆமை வேகத்தில்தான் போகவேண்டும். என்னுடையது வீட்டுப் பின்புறம் நாலு வருடமாகத் தூங்குகிறது. காரணம் இருக்கிறது. ஒரு முறை டோட் நிறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு வால்வை மூடினேன். மூடினாலும் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் எங்கே போகும்? என் செருப்புக்குள் போனது.

மணப்பாறை_முறுக்கு:

அண்ணா சொல்வதில் டோட் விஷயத்தை மட்டும் மறுக்கிறேன். ஆறு பேருக்கு 40 கேலன் போதாது, எப்படியும் கேனில் கொண்டுவந்து ஊற்றுவீர்கள். 15 கேலன் டோட் போதும். நிறைந்தால் 125 பவுண்டு, சமதரையில் இருவர் இழுக்கலாம். கிரேக்கு மட்டும் பயன்படுத்துங்கள், பிளாக்கைத் தொடவே வேண்டாம். அதற்கென்று தனி ஹோஸ் வையுங்கள். நிரப்பும்போது டோட்டின் காற்று மூடியைத் திறந்து வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் காற்று அடைத்துப் பாதியிலேயே நின்றுவிடும். முக்கால் அளவுக்கு வந்ததுமே வால்வை மூடிவிட வேண்டும். ஹோஸின் மிச்சம் அந்தக் கால் இடத்துக்குள் வடியும், அண்ணாவின் செருப்பு தப்பித்திருக்கும்.

ஆனால் உங்கள் வியாதி டேங்கில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. நம் சமையலை மனதில் வைத்து இந்த ட்ரெய்லரை யாரும் செய்யவில்லை. பருப்பு, எண்ணெய், அரிசிக் கஞ்சி, கடுகு எல்லாம் டேங்கில் போய் ஒட்டினால் மூன்றாம் நாள் கிரே நாறுகிற நாற்றத்துக்குப் பிளாக்கே பரவாயில்லை என்று தோன்றும். நான் செய்வது இதுதான். குழம்பு, பொரியல், பருப்பு எல்லாம் வீட்டிலேயே வைத்து உறையவைத்து எடுத்துப் போவேன். அரிசியைக் கிளம்பும் முன்பே களைந்து, துணியில் உலர்த்தி, டப்பாவில் போட்டுவிடுவேன். அங்கே குக்கரில் போட்டால் சரி. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் இரண்டும் இருந்தால் ஒரு வேளை ஓடிவிடும். தோசை மட்டும் வேண்டாம். மாவுப் பாத்திரத்தைக் கழுவ ஒரு ஆறே வேண்டும்.

பாத்திரத்தைத் தொட்டியில் போடும் முன் காகிதத் துண்டால் துடைக்க வேண்டும். லேசாகத் துடைப்பதில்லை, கழுவாமலே வைத்துவிடலாமோ என்று தோன்றுகிற அளவுக்கு. அந்தக் காகிதம் குப்பைக்குப் போகும். மீந்த எண்ணெய் பாட்டிலுக்குப் போகும். தொட்டி வாயில் கம்பி வலை வடிகட்டி போடுங்கள், உங்கள் கறிவேப்பிலை அதில் நிற்கும். பிறகு இரண்டு பிளாஸ்டிக் டப், ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல். என் கணக்கில் ஒரு வேளைக்கு இரண்டு கேலனுக்கு மேல் போகாது. அம்மாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், டப்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த தலைமுறைக்கு நாமா சிக்கனம் சொல்லித்தருவது?

சும்மா_ஒருவன்:

இவ்வளவு எதற்கு? பாத்திரம் கழுவின தண்ணீரை மரத்தடியில் ஊற்றினால் ஆச்சு. ஊரில் வாழைக்கு அதைத்தானே விடுகிறோம்.

பாலைவன_ஓட்டுநர்:

வாழை உங்கள் வாழை, கொல்லை உங்கள் கொல்லை. தேசியப் பூங்காவில் ட்ரெய்லர் கழிவுநீரை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும்தான் விடலாம், கிரே தண்ணீருக்கும் அதே விதி. அபராதத்தை விடுங்கள், அங்கே எல்க் மான் முகாமுக்குள்ளேயே நடமாடும். உணவு வாசனை உள்ள மண்ணை அது தேடி வரும், பின்னாலேயே காக்கையும் அணிலும். அடுத்த நாள் அந்த இடத்தில் கூடாரம் போடுகிறவன் குழந்தையோடு வருவான்.

அப்புறம் தண்ணீரையும் சும்மா நினைக்காதீர்கள். தென்விளிம்புக்கு வருகிற தண்ணீர், எதிரே வடவிளிம்புக்குக் கீழே உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து மேலே ஏறுகிறது. 1960களில் கட்டத் தொடங்கிய குழாய், அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் பல இடத்தில் உடைந்து, விடுதிகளில் இரவு தங்குவதையே சில நாள் நிறுத்தினார்கள். கிளம்பும் முன் பூங்கா அறிவிப்பைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், 330 பவுண்டு கூடும், மலையேற்றத்தில் அது தெரியும்.

தாமிரபரணி_78:

போய் வந்துவிட்டோம். அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. 15 கேலன் டோட்டை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கினேன். அப்பாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஊற்றும் தண்ணீரை எழுதச் சொன்னேன். அவர் ஒரு படி மேலே போய், யார் கை கழுவினாலும் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஐந்து நாளில் மொத்தம் 65 கேலன். டேங்கில் 40, ஐந்து கேலன் கேனில் ஐந்து நடை. கிரேயை மூன்றாம் நாளும் நான்காம் நாளும் டோட்டில் எடுத்தேன். முதல் முறை காற்று மூடியைத் திறக்க மறந்தேன், அக்கா சொன்னபடியே பாதியில் நின்றது. அசையாமல் நின்ற ஹோஸைப் பத்து நிமிடம் உதறிக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

விசிறி விஷயம் பலித்தது. இத்தனை நாள் மருந்துக்குக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசி நாள் டம்ப் ஸ்டேஷனில் முதலில் பிளாக், பிறகு கிரே. கிரேயில் மிச்சமிருந்த தண்ணீரே ஹோஸைக் கழுவிவிட்டது. உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற முழங்கைக் குழாய் ஒன்றை ஹோஸ் முனையில் மாட்டியிருந்தேன். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "கறுப்பு... கறுப்பு... இப்பம் தெளியுது... மூடுல" என்று வர்ணனை கொடுத்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் கைதட்டினார்.

அம்மா ஆறாம் நாள் காலையில் கிளம்பும்போது டப் இரண்டையும் பத்திரமாகக் கட்டிவைத்தார். வண்டியின் பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. வெள்ளை டப்பில் மஞ்சள் கறை ஏறிவிட்டது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. என்ன செய்வது?

மணப்பாறை_முறுக்கு:

ஒன்றும் போடவேண்டாம். கழுவி, இரண்டு நாள் நேர் வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மஞ்சள் தானே வெளுத்துவிடும். சாண்ட்லரில் வெயிலுக்கா பஞ்சம்.