கனடா மெடிக்கல்: பழைய வருத்தத்தை மறைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்

அம்மாவையும் அப்பாவையும் கனடாவில் குடியேற, அங்கே ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா ஸ்பொன்சர் பண்ணியிருந்தார். மெடிக்கல், அதாவது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை, எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்ததும் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போர் முடிந்த கையோடு அப்பாவுக்குக் காசநோய் வந்து, யாழ்ப்பாணத்திலேயே ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் மருந்து குடித்து முற்றாகச் சுகமானவர். "அதைப் பற்றி வாயே திறக்காதீங்கோ, திறந்தால் ரிஜெக்ட்தான்" என்று படிவம் நிரப்பித் தருகிற ஒருவர் அப்பாவிடமே சொல்லிவிட்டார். மனுசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். நுரையீரலில் ஆறிப்போன தழும்பு எக்ஸ்ரேயில் எப்படியும் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் அது பழசா புதுசா என்று பார்க்கிற டொக்டருக்கு யார் சொல்வது? அதனால் அலுமாரியைக் கிண்டிப் பழைய கிளினிக் அட்டையை எடுத்தோம், சிகிச்சை முழுமையாக முடிந்தது என்று மார்பு நோய்க் கிளினிக்கில் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டுதான் கொழும்புக்கு பஸ் ஏறினோம். நம்முடைய குடும்ப டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பரிசோதனையை அவர் செய்ய முடியாது, கனடா அங்கீகரித்த டொக்டர்தான் செய்ய வேண்டும். கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் எடுக்கச் சொல்வார்கள், ஆகவே புக்கிங்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடிதம் கொண்டுபோனதால் சளிப் பரிசோதனை இல்லாமல் போகும் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் தழும்பைப் பார்த்ததும் மூன்று நாள் விடியற்காலைச் சளி கேட்டார்கள், அதற்காக வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினோம். அங்கே இருந்த தாதி நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்: எழும்பியதும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்செடுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் துப்ப வேண்டும், எச்சில் சரிவராது. அப்பா ஐந்து மணிக்கே எழும்பி முற்றத்துக் கதிரையில் குப்பியைக் கையில் பிடித்தபடி இருப்பார். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வதால், சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர எட்டுக் கிழமை வரைக்கும் போகும். அந்தக் காலத்தில் யார் யாரோ "என்ன, இன்னும் வரேல்லையோ" என்று கேட்டு அம்மாவை அழவைத்தார்கள். கடைசியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. போய் இறங்கி 30 நாளுக்குள் அங்குள்ள பொதுச் சுகாதாரப் பிரிவோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரைகளையும் அப்படியே கொண்டுபோனோம். சில பேர் மெடிக்கலுக்கு முதல் நாள் மாத்திரையை நிறுத்துகிறார்கள், பெரிய ஆபத்து அது, பிரஷர் ஏறிப்போய்த் திரும்ப வரச் சொல்லப்போகிறார்கள். சீனி, பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் பொதுவாக அதற்காக மறுப்பதில்லை. கனடா அரசுக்கு வருகிற செலவு அளவுக்கு மிஞ்சும் என்று கணக்கிட்டால்தான் பெற்றோரின் விண்ணப்பத்தில் சிக்கல், அந்த எல்லையையும் 2018இல் மூன்று மடங்காக உயர்த்திவிட்டார்கள். அப்படிச் சந்தேகம் வந்தாலும் முதலில் விளக்கம் கேட்டுத்தான் கடிதம் வரும். கணவன், மனைவி, அவர்களின் பிள்ளைகளை ஸ்பொன்சர் பண்ணும்போது அந்தச் செலவுக் கணக்கே பார்ப்பதில்லை.

இன்னொன்று, பெண்களுக்கு. எக்ஸ்ரேக்குக் கழுத்தில் கிடப்பதையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். அம்மா தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று விறைத்துப்போய் நின்றுவிட்டா. முன்யோசனையாகச் சித்தி ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக் கொடுத்துவிட்டதால் அதைப் போட்டுக்கொண்டு கொடியைக் கழற்றினா. வீட்டிலேயே இதைச் செய்துகொண்டு போங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு அக்கா எழுதியது:

தங்கச்சி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன், வெட்கப்பட்டு ஒருவரும் எழுதுவதில்லை. மாதவிடாய் நாளில் பரிசோதனைக்குச் சலம் (சிறுநீர்) கொடுக்காதீர்கள். சலத்தில் இரத்தம் தெரிந்தால் திரும்பவும் ரெஸ்ற் பண்ணச் சொல்வார்கள், திரும்பவும் இராத்திரி பஸ், திரும்பவும் காசு. திகதி எடுக்கும்போதே கணக்குப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் போன் பண்ணி மாற்றுங்கள்.

எனக்கு மெடிக்கல் வந்தபோது நான் பிள்ளைத்தாச்சி. எக்ஸ்ரேயைப் பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம் என்று டொக்டரே சொன்னார், நானும் அப்படியே செய்தேன். பிள்ளை பிறந்ததும் அதையும் விண்ணப்பத்தில் சேர்த்து அதற்கும் மெடிக்கல் எடுக்க வேண்டும். சின்னதுகளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை: ஐந்து வயதிலிருந்து சலம், 11 வயதிலிருந்து எக்ஸ்ரே, 15 வயதிலிருந்து இரத்தம்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு அண்ணா எழுதியது:

எங்கள் குடும்பத்தில் மூத்தவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், இப்போதைக்கு எங்களோடு வரப்போவதில்லை. "வராதவனுக்கு ஏன் வீண் செலவு" என்று எல்லோரும் கேட்டார்கள். 22 வயதுக்குக் குறைந்த, கலியாணம் முடிக்காத பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் பெயரைப் போட்டு மெடிக்கலும் எடுக்கத்தான் வேண்டும். விட்டுவிட்டால் பிறகு அவனைக் குடும்ப உறுப்பினர் என்ற வகையில் ஸ்பொன்சர் பண்ணும் உரிமை போய்விடும். 2019இல் சிலருக்கு ஒரு தற்காலிகச் சலுகை கொண்டுவந்தார்கள்தான், அதுவும் அகதியாகவோ, துணையாகவோ, பிள்ளையாகவோ போனவர்களுக்குத்தான். அதை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடாதீர்கள். நான் தோட்டத்து வெங்காயக் காசில் அவனுக்கும் சேர்த்தே கட்டினேன்.

முடிவை நீங்கள் கனடாவுக்கு அனுப்பத் தேவையில்லை, டொக்டரே கணினி வழியாக நேரே அனுப்பிவிடுவார். மெடிக்கல் எடுத்ததற்கு ஒரு தாள் தருவார்கள், அதில் உள்ள இலக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். மெடிக்கல் முடிவு 12 மாதத்துக்குத்தான் செல்லுபடியாகும், விசாவின் திகதியும் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் வரும், ஆகவே ரிக்கெற் போட முதல் பாருங்கள்.